சுடுதண்ணீர் கிடைத்துவிடும், ஆறவைப்பதுதான் வேலை

கேள்வி: மிஸ்ஸி, நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு 5 மாதம், எடை 7 கிலோ. தாய்ப்பால் நின்றுபோய் இப்போது போத்தல் பால்தான். கணவர் லண்டனில் வேலை செய்கிறார். வரும் டிசம்பரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போகிறேன். இரவு விமானம், நேரே லண்டன், 14 மணி நேரம் என்கிறார்கள். இதுவரை நான் விமானம் ஏறியதே இல்லை. உள்ளே பால் கலக்க முடியுமா, சுடுதண்ணீர் கொடுப்பார்களா, எத்தனை போத்தல் எடுத்துப் போவது? "பாலைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கிக் கொடு, பசி தாங்கும்" என்கிறார் மாமி. சளி மருந்து கொஞ்சம் ஊற்றினால் லண்டன் வரை தூங்கிவிடுவான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. காது வலியில் கத்துவானோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தங்கச்சி, சளி மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவைக்கும் சளி மருந்து இந்த வயதுப் பிள்ளைக்கு மூச்சை மட்டுப்படுத்தலாம். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகத் தூக்கமே போய், படபடத்து அழும். எதுவானாலும் தரையில் இருந்தால் காடி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். நடுக்கடலுக்கு மேலே எங்கே ஓடுவீர்கள்? அக்காவிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

மாமி சொல்வதும் பாசத்தில் சொல்வதுதான், ஆனால் தப்பு. மாவு கூடிப்போனால் உப்பும் புரதமும் சேர்ந்து கூடும். அதைக் கழிக்கப் பிள்ளையின் சிறுநீரகம் உடம்பிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும். விமானத்துக்குள் காற்று ஏற்கெனவே வறண்டு கிடக்கும். கெட்டிப் பால் குடித்தவன் பசி தாங்க மாட்டான், தாகத்தில் அழுவான். லண்டனில் இறங்கும்போது மலச்சிக்கலும் இருக்கும். பாலில் நெஸ்டம் கூழ்மாவு கலந்து போத்தலில் ஊற்றுவதும் இதே கதைதான். டின்னில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதே அளவு, அந்த டின்னுக்குள் இருக்கும் கரண்டியிலேயே. ஒரு கரண்டி மாவுக்கு எத்தனை மில்லி தண்ணீர் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். அதனால் வேறு டின்னின் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

நம் ஊரில் இந்தப் பால் பேச்சு புதிதல்ல. சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேசினார். பால் கொடுக்க முடிந்த தாய்மாரிடம் இனிப்பு டின் பாலை நல்ல உணவு என்று விற்பது பிள்ளைகளைக் கொல்வதற்குச் சமம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் திரங்கானுவிலும் வேலை பார்த்தவர். டின் பால் கொடுத்துப் பிள்ளை வளர்த்த தலைமுறை நம் தோட்டங்களிலும் உண்டு. மாமியைக் குறை சொல்லாதீர்கள், அவர் கேட்டு வளர்ந்தது அப்படி.

சரி, கணக்குக்கு வருவோம். டிக்கெட்டில் இருக்கும் 14 மணி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் போக, வழியில் நிறுத்தாமலே மூன்றரை மணி நேரமாவது ஆகும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். லண்டனில் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வீடு போய்ச் சேர இன்னும் இரண்டு, மூன்று மணி நேரம். ஆக ஒரு முழு நாள். இந்த வயதில் ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி பால் என்று பார்த்தால் உங்கள் மகனுக்கு 1,050 மில்லி. 180 மில்லி வீதம் ஆறு போத்தல். விமானம் தாமதமாகலாம், கலக்கிய பாலைக் கொட்ட வேண்டி வரலாம். அதனால் ஒன்பது வேளைக்கு மாவு, கிருமி நீக்கிய போத்தல் எட்டு. எட்டா என்று மலைக்காதீர்கள், காலிப் போத்தல் கனக்காது. விமானத்தில் போத்தலைக் கழுவிக் கிருமி நீக்க நினைப்பதுதான் பெரிய தொல்லை. கழிப்பறைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. குடித்து முடித்ததை டிஷ்யூவால் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். லண்டனில் கழுவிக்கொள்ளலாம்.

பால்மாவு கிருமி நீக்கிய பொருள் அல்ல. இது பலருக்கும் தெரியாது. டின் சீலோடு இருந்தாலும் உள்ளே கிருமி இருக்க வாய்ப்புண்டு. அதைக் கொல்வதற்குத்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சில டின்களில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்று போட்டிருக்கும். ஆறிய தண்ணீரைப் போத்தலில் அளந்து எடுத்துப் போய், வேண்டும்போது மாவைக் கொட்டிக் குலுக்கிக் கொடுக்கும் தாய்மாரும் நிறையப் பேர். ஆபத்து அதிகம் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும்தான், உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். என்றாலும் நான் சூடான தண்ணீரையே சொல்வேன். பயணத்தில் கை சுத்தமாக இருப்பதில்லை, கழுவ வசதியும் குறைவு.

கலக்கிய பாலுக்கு ஆயுள் இரண்டு மணி நேரம். வாய் வைத்த போத்தலில் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும், அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. ரப்பர் காலத்தில் விடிகாலையில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளையையும் போத்தலையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். விடியுமுன் கலக்கிய பால் வெயில் ஏறும்வரை அங்கேயே கிடக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு போத்தல் மட்டும் முன்கூட்டியே கலக்கிக்கொள்ளலாம். சுடச்சுடக் கலக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, ஐஸ்பெட்டியின் உள்பக்கம் வைத்துவிடுங்கள். கதவில் வேண்டாம். புறப்படும் நேரத்தில் எடுத்து, ஐஸ் கட்டியோடு குளிர்ப்பையில் வையுங்கள். அப்படி இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். ஒன்றை, வழியிலுள்ள தாப்பா ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நிறுத்திக் கொடுங்கள். ஓடும் காடியில் பிள்ளையைக் குழந்தை இருக்கையிலிருந்து தூக்கி மடியில் வைத்துப் பால் கொடுக்காதீர்கள். அந்த இருக்கை 2020 ஜனவரி முதல் சட்டப்படியும் கட்டாயம். இன்னொரு போத்தல் கே.எல்.ஐ.ஏ. போய்ச் சேர்ந்ததும். வழியில் நெரிசலாகி நான்கு மணி நேரம் தாண்டிவிட்டால் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

சோதனைச் சாவடியில் 100 மில்லி கட்டுப்பாடு பற்றிப் பயமுறுத்துவார்கள். பிள்ளை கூட இருந்தால், பயணத்துக்கு வேண்டிய பாலுக்கும் தண்ணீருக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கே.எல்.ஐ.ஏ.விலும் அப்படித்தான், திரும்பி வரும்போது லண்டனிலும் அப்படித்தான். பால் சாமான்களை எல்லாம் ஒரே பையில் வைத்து, கேட்பதற்கு முன்பே எடுத்து மேசையில் வைத்து "பிள்ளைப் பால்" என்று சொல்லிவிடுங்கள். திறந்து பார்ப்பார்கள், சில சமயம் கருவியில் வைத்துச் சோதிப்பார்கள். சோதிக்கட்டும். தெர்மோஸைக் காலியாகவே கொண்டுபோய், உள்ளே போனபின் ஏதாவது ஒரு தண்ணீர்க் கடையில் கொதிக்கும் தண்ணீர் நிரப்பிக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. விமானம் ஏறும் வாயிலில் மறுபடியும் சோதனை இருக்கலாம். அங்கேயும் இதையே சொல்லுங்கள். தெர்மோஸை விளிம்புவரை நிரப்பி இறுக மூடினால் சில மணி நேரம் 70 டிகிரிக்கு மேலேயே நிற்கும். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிப்போகும்.

இனி விமானத்துக்குள். சுடுதண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மேலே காற்றழுத்தம் குறைவு. கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரத்தில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் நிற்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவும் 70-ஐத் தாண்டியதுதான், பால் கலக்கத் தாராளமாகப் போதும். ஆவி பறக்கும் தண்ணீராகக் கேட்டு வாங்குங்கள். சூடு போதாதென்று தோன்றினால் திருப்பிக் கொடுத்து மறுபடி கேட்கத் தயங்காதீர்கள்.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. வீட்டில் குழாயைத் திறந்து போத்தலைக் காட்டினால் பால் ஆறிவிடும். விமானத்தில் எந்தக் குழாயில் காட்டுவீர்கள்? 180 மில்லி சூடான பால் தானாக ஆற அரை மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை பசித்த பிள்ளை சும்மா இருக்குமா? விமானத்தில் போத்தல் பிள்ளைகள் கத்துவதற்குப் பெரும்பாலும் காது வலி காரணமல்ல, இந்த அரை மணி நேரம்தான் காரணம் என்பது என் எண்ணம். அதனால் அவன் அழுதபின் கலக்கத் தொடங்காதீர்கள். கையைச் சூப்புவான், தலையை இப்படியும் அப்படியும் திருப்புவான், அதுதான் நேரம். அவன் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை குடிப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு அரை மணி முன்பே பணிப்பெண்ணைக் கூப்பிட்டுவிடுங்கள்.

ஆறவைக்கும் முறை இது. உயரமான கப் ஒன்றில் பாதிக்கு ஐஸும் தண்ணீரும் கேளுங்கள். பாலைக் கலக்கி, மூடி போட்டு, போத்தலை அதற்குள் நிறுத்துங்கள். ஐஸ் தண்ணீர் நிப்பள் பக்கம் ஏறாமல் போத்தலின் தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். இடையிடையே போத்தலை மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். சுழற்றாவிட்டால் ஓரத்தில் இருக்கும் பால் ஆறி, நடுவில் சுடும். சில நிமிடங்களில் பதத்துக்கு வந்துவிடும். வெளியே துடைத்துவிட்டு மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் சரி. சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரையோ ஐஸையோ பாலுக்குள் போட வேண்டாம்.

இன்னொன்று. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் சூடில்லாத, அறை வெப்பத்துக்கு ஆறிய பாலைக் கொடுத்துப் பழக்குங்கள். பால் சூடாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, அது நம் பழக்கம்தான். ஆறிய பாலைக் குடிக்கும் பிள்ளையோடு பயணம் போவது பாதி வேலை குறைந்த மாதிரி.

சுடுதண்ணீர்க் கப்பைப் பிள்ளை மடியில் இருக்கும்போது உங்கள் மேசைப் பலகையில் வாங்கி வைக்காதீர்கள். ஒரு உதை போதும், வெந்துவிடும். போத்தலைப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, 180 கோடு வரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். தண்ணீர் முதலில், மாவு பிறகு. வேளைக்கு இத்தனை கரண்டி என்று வீட்டிலேயே அளந்து, காய்ந்த சுத்தமான அடுக்கு டப்பாவில் போட்டுக்கொண்டால் விமானத்தில் கரண்டி எண்ணும் வேலை இல்லை.

போத்தல் பீறிடுவதையும் சொல்லிவிடுகிறேன். கேமரன் மலை ஏறும்போது ஜாஜான் நொறுக்குத்தீனி பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே மூடிய போத்தலும் மேலே போனால் அப்படித்தான். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மூடியை எடுத்ததும் நிப்பள் வழியாகப் பால் தெறிக்கும். சூடான பாலைக் குலுக்கினாலும் இதேதான். கொடுப்பதற்கு முன் நிப்பள் வளையத்தைக் கால் சுற்று தளர்த்திக் காற்றை வெளியே விட்டு, மறுபடி இறுக்குங்கள். எதற்கும் உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை கைப்பையில் இருக்கட்டும்.

தொட்டில் வைக்கும் இடம் வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அந்தத் தொட்டிலுக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு. 7 கிலோ என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே முன்னால் சுவர்தான், காலடியில் பை வைக்க முடியாது. விமானம் ஏறும்போது பையை மேலே போட்டுவிடுவார்கள், அப்புறம் இருக்கையை விட்டு எழவும் முடியாது. முதல் வேளைப் போத்தலையும் ஒரு பேம்பர்ஸையும் முன்பே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிலில் படுக்கவைத்து, போத்தலுக்குத் துணி முட்டுக்கொடுத்துவிட்டு நீங்கள் கண்ணயர்வது மட்டும் கூடாது. புரையேறினால் விமான இரைச்சலில் உங்களுக்குக் கேட்காது. எவ்வளவு அசதியாக இருந்தாலும் தலை உயர்த்தி, மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

காது. கேமரனிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது உங்களுக்கே காது அடைத்திருக்கும், எச்சில் விழுங்கியதும் திறந்திருக்கும். பிள்ளைக்கு விழுங்கத் தெரியாது, சூப்பத் தெரியும். சூப்பினால் தானாக விழுங்குவான். விமானம் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் காதுக்குச் சிரமம். ஏறும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். விழித்திருந்தால், கதவு சாத்தியதும் கொடுத்துவிடாதீர்கள். ஓடுபாதை வரிசையில் நிற்கும் நேரத்திலேயே குடித்து முடித்துவிடுவான். விமானம் வேகமெடுத்து ஓடத் தொடங்கும்போது கொடுங்கள். அதற்கான பாலை ஆட்களை ஏற்றத் தொடங்கும்போது தெர்மோஸ் தண்ணீரில் கலக்கிவிட்டால், விமானம் கிளம்பும் நேரத்துக்கு ஆறியிருக்கும். தாமதமாகி இரண்டு மணி நேரம் தாண்டினால் அந்தப் போத்தல் கணக்கில் இல்லை.

இறங்கும் வேளைக்கு இன்னும் கொஞ்சம் யோசனை வேண்டும். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் பசியாறக் கொடுத்து, தட்டுகளைப் பொறுக்கும் அவசரத்தில் பணிப்பெண்கள் இருப்பார்கள். அப்போது சுடுதண்ணீர் கேட்டால் உடனே வராது. உங்களுக்குப் பசியாறத் தட்டு வரும்போதே தண்ணீர் வாங்கிக் கலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வேளையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருந்தால் அப்போது நன்றாகக் குடிப்பான். தூங்கினால் மெதுவாக எழுப்பலாம். குடிக்க மறுத்தால் வாயில் வெறும் நிப்பள் வைத்தாலும் போதும். அழுதால்கூடப் பயப்படாதீர்கள், அழுகையும் காதைத் திறக்கும். பயணத்துக்கு முந்தைய வாரம் சளி, காதில் சீழ் ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டாமல் ஏறக் கூடாது.

14 மணி நேரத்தில் நேரம் குழம்பிப்போகும். டிசம்பரில் லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். விமானத்தில் கடிகாரம் பார்க்காதீர்கள், அவன் வயிறுதான் கடிகாரம். வறண்ட காற்றில் கொஞ்சம் அடிக்கடி கேட்பான், கொடுங்கள். ஆறு மணி நேரமாகியும் பேம்பர்ஸ் நனையவில்லை என்றால் பால் போதவில்லை என்று அர்த்தம்.

பால்மாவை லண்டனுக்கு எடுத்துப் போகலாம். பிள்ளைப் பால்மாவு ஆளுக்கு 2 கிலோ வரை அனுமதி. கடையில் வாங்கிய டின்னாக, சீல் உடைக்காமல் இருக்க வேண்டும். பயணத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் டின் திறந்திருந்தால் பரவாயில்லை. பெயர் போடாத பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். போன உடனே பிராண்ட் மாற்ற வேண்டாம், இரண்டு வாரம் பழைய மாவிலேயே போகட்டும். நம் வீட்டுக் கெட்டிலும் கிருமி நீக்கும் கருவியும் அங்கே அப்படியே வேலை செய்யும், அங்கேயும் நம்முடைய அதே மூன்று கால் பிளக்தான். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கலக்கினால் போதும். மினரல் தண்ணீர் வாங்காதீர்கள், சிலவற்றில் பிள்ளைக்கு ஆகாத அளவு உப்புச் சத்து இருக்கும். திரும்பி வரும்போது உங்களுக்கு வேலை பாதி குறையும். கலக்கவே தேவையில்லாத, அப்படியே கொடுக்கும் பிள்ளைப் பால் அங்கே சூப்பர்மார்க்கெட்டில் 200 மில்லி போத்தலில் கிடைக்கும். விலை கூடத்தான், ஆனால் அந்த ஒரு நாளுக்குச் செலவு செய்யலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 5 மாத ஊசி போட்டாயிற்றா? போடவில்லை என்றால் பயணத்துக்கு முதல் நாள் போய் நிற்காதீர்கள். ஊசிக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம், அதோடு விமானம் ஏற வேண்டாம். ஒரு வாரமாவது முன்னால் கிளினிக்குக்கு வாருங்கள், எடையும் பார்த்துவிடலாம். 6 மாதத்தில் இன்னொரு ஊசி வருகிறது, அப்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள். அதனால் கிளினிக் புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.